ஒட்டகத்தைக் கட்டிவிட்டுப் புறப்படுவோம்

இரணியல், திருவிதாங்கோடு, தக்கலை வட்டாரத்தில் திருவனந்தபுரம் விமான நிலையத்துக்கு வழியனுப்பச் செல்வது நமக்குப் புதிதன்று. மகன் வளைகுடாவுக்கு வேலை தேடிப் போகிறான்; வாப்பாவும் உம்மாவும் உம்ராவுக்குப் போகிறார்கள். பெட்டியை இரண்டு முறை எடை பார்க்கிறோம். ஆனால், "காப்பீடு இருக்கிறதா? மருந்துச் சீட்டை எடுத்தீர்களா?" என்று கேட்டால், "அல்லாஹ் பார்த்துக்கொள்வான்" என்ற பதிலே வருகிறது. அந்தச் சொல் உண்மையானது; அதை நம் சோம்பலுக்குத் திரையாக்குவதே பிழை.

ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்குமாறு நபி (ஸல்) அவர்கள் அறிவுறுத்தியதைத் திர்மிதீயில் காண்கிறோம். சிரியாவை நோக்கிப் புறப்பட்ட உமர் (ரலி) அவர்கள், அங்கே கொள்ளைநோய் பரவியிருப்பதை அறிந்து தோழர்களிடம் ஆலோசித்துத் திரும்பினார்கள். அல்லாஹ்வின் விதியிலிருந்து ஓடுவதா என்று கேட்கப்பட்டபோது, அவனுடைய ஒரு விதியிலிருந்து மற்றொரு விதிக்கே செல்வதாக விளக்கினார்கள். எச்சரிக்கை ஈமானுக்கு எதிரி அன்று.

காப்பீட்டில் வட்டியும் நிச்சயமின்மையும் கலந்துள்ளன என்னும் தயக்கம் நியாயமானது. 1985இல் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி, நிலையான தவணையுடைய வணிகக் காப்பீட்டை விலக்கி, பரஸ்பர உதவியின் அடிப்படையிலான கூட்டுறவுக் காப்பீட்டை மாற்றாகக் காட்டியது. எனவே, தாமாக விரும்பி எடுக்கும் காப்பீட்டைப் பற்றி ஆலிம்களிடம் கேட்டுத் தெளிவதே முறை. ஆனால், சட்டமே கட்டாயமாக்கிய காப்பீடு ஏற்கெனவே நம் கையில் இருக்கும்போது, அதைப் பற்றி அறியாமல் இருப்பதற்கு எந்த மார்க்கக் காரணமும் இல்லை.

உம்ரா விசாக் கட்டணத்திலேயே அவசர மருத்துவக் காப்பீடும் அடங்கியுள்ளது. அந்த ஆவணத்தை அச்சிட்டுப் பெரியவர்களின் கையில் கொடுக்கிறோமா? குடியேற்ற அனுமதி தேவைப்படும் கடவுச்சீட்டுடன் வேலைக்குச் செல்வோருக்குப் பிரவாசி பாரதிய பீமா யோஜனா கட்டாயம். இரண்டு ஆண்டுகளுக்கு 275 ரூபாய் தவணையில், விபத்து மரணத்துக்கும் நிரந்தர ஊனத்துக்கும் 10 லட்சம் ரூபாய் வரை பாதுகாப்பு உண்டு. சுற்றுலா விசாவில் வேலைக்கு அனுப்பும் முகவரை நம்புகிற இளைஞர் இந்தப் பாதுகாப்பை இழக்கிறார். அவருடைய குடும்பமும் இழக்கிறது.

இன்னொன்றையும் வெளிப்படையாகப் பேச வேண்டும். காப்பீட்டு விண்ணப்பத்தில் சர்க்கரை நோயையும் இரத்த அழுத்தத்தையும் மறைக்கும் பழக்கம் நம்மிடம் உண்டு. மறைத்தது தெரியவந்தால், தேவைப்படும் நேரத்தில் நிறுவனம் கைவிரித்துவிடலாம். அதைவிடப் பெரிது, அது ஒப்பந்தத்தில் செய்யும் மோசடி. ஈரத்தைக் கீழே மறைத்துத் தானியம் விற்றவரை நபி (ஸல்) அவர்கள் கண்டித்தது சந்தைக்கு மட்டும் உரிய பாடமா?

2024 ஹஜ்ஜின்போது மக்காவில் வெப்பம் 50 பாகையைக் கடந்தது. 1,301 பேர் இறந்ததாகச் சவூதி அரசு அறிவித்தது. அவர்களில் 83 விழுக்காட்டினர் அனுமதியின்றி வந்தவர்கள். நிழலும் தங்குமிடமும் இன்றி வெயிலில் நெடுந்தொலைவு நடந்தவர்கள். குறுக்கு வழியில் போனவருக்குக் கூடாரமும் இல்லை, பேருந்தும் இல்லை என்பதை நினைவில் வைப்போம்.

ஆகவே, சில எளிய கடமைகள். மூளைக்காய்ச்சல் தடுப்பூசியைப் பயணத்துக்குக் குறைந்தது பத்து நாள் முன்பே போட்டுக்கொள்வோம். அன்றாட மாத்திரைகளை மருத்துவரின் சீட்டுடன் கைப்பையில் வைப்போம். டிரமடால், கோடீன் கலந்த மருந்துகளுக்கு வளைகுடா நாடுகளில் கடுமையான கட்டுப்பாடு உண்டு. யாரோ கொடுத்தனுப்பும் மருந்துப் பொட்டலத்தை வாங்க வேண்டாம். சர்க்கரை நோயால் பாதத்தில் உணர்வு குறைந்தவர்களுக்குச் சுடுதரையில் கொப்பளிப்பதே தெரியாது. இரண்டாவது செருப்பு ஒன்றைப் பையில் வைத்து அனுப்புவோம்.

உடல் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானத். அதைப் பேணிக்கொண்டு புறப்படுவதும் பயணத்தின் நிய்யத்தில் அடங்கட்டும். வல்ல அல்லாஹ் நம் பயணிகள் அனைவரையும் நலமுடன் வீடு சேர்ப்பானாக! ஆமீன்.