கெய்ரோவில் டெபாசிட் போட்டவர்கள்

அரபு எழுச்சி ஏன் இப்படி ஆனது என்று கேட்டால் மதம், ராணுவம், அமெரிக்கா என்பார்கள். இருபது வருஷமாக பேங்க்கில் குப்பை கொட்டுபவன் நான். என் கண் பேரேட்டுக்குத்தான் போகிறது.

எகிப்தை எடுத்துக்கொள்ளுங்கள். 2011 பிப்ரவரியில் முபாரக் போனார். 2012-இல் ஓட்டு வாங்கி வந்த முர்சிக்கு கத்தார் பணம் தந்தது. (அவரும் ஒழுங்காக ஆளவில்லை, அது வேறு கதை.) 2013 ஜூலை 3-இல் ராணுவம் அவரை இறக்கியது. ஒரே வாரத்தில் சவுதி, அமீரகம், குவைத் சேர்ந்து 1,200 கோடி டாலர் தருவதாக அறிவித்தன. செப்டம்பரில் கத்தாரின் 200 கோடி டாலர் டெபாசிட்டை எகிப்து திருப்பிக் கொடுத்துவிட்டது. கட்சி மாறினால் கணக்கும் மாறும்!

எகிப்துமேல் வந்த பாசமா இது? தேர்தலில் ஜெயிக்கும் ஓர் இஸ்லாமிய இயக்கம் தங்கள் ஊருக்கும் வந்துவிடுமோ என்று மன்னர்களுக்கு இருந்த பயம் என்றுதான் நினைக்கிறேன்.

தஹ்ரீரில் ஜனங்கள் கேட்டது ரொட்டி, சுதந்திரம், சமூக நீதி. முப்பது வருஷத்துக்கு மேலாக 5 பியாஸ்டருக்குக் கிடைத்த மானிய ரொட்டி 2024 ஜூனில் 20 பியாஸ்டர் ஆனது. 2011-இல் டாலருக்கு ஏறக்குறைய 6 பவுண்டு. 2024 மார்ச்சில் 50.

அதே 2024 பிப்ரவரியில் ராஸ் எல் ஹெக்மா கடற்கரை ஒப்பந்தம். அமீரகம் அறிவித்த 3,500 கோடி டாலரில் 1,100 கோடி, எகிப்தில் ஏற்கெனவே கிடந்த அதன் டெபாசிட், முதலீடாக மாற்றிக்கொண்டார்கள். பணம் திரும்பாது என்று தோன்றினால் நாங்களும் சொத்தைத்தான் பார்ப்போம்.

அரபு ஜனங்களுக்கு ஜனநாயகம் ஒத்துவராது என்று எழுதுகிறவர்கள் இந்த வரவு செலவையும் ஒருமுறை பார்க்கட்டும்.