பெட்டியை யார் தூக்குவது?

கலந்தாய்வு முடிந்தது, வெளியூர்க் கல்லூரியில் இடமும் கிடைத்துவிட்டது. இனி வீட்டில் என்ன வேலை? பெட்டி கட்டும் வேலைதான்! அந்த ஒரு வாரம் வீடு கல்யாண வீடாகவே மாறிவிடுகிறது. அம்மா அடுப்படியில் முறுக்குச் சுடுகிறாள். அப்பா கடைக்கும் வீட்டுக்குமாக நடக்கிறார். அத்தை ஒரு பட்டியல் சொல்ல, அடுத்த வீட்டு அக்காள் அதில் இன்னும் நான்கைச் சேர்க்கிறாள். கடைசியில் எண்ணிப் பார்த்தால் மூன்று பெட்டி, நான்கு பை, ஒரு படுக்கைச் சுருள். புறப்படுவதோ ஒரே ஒரு பிள்ளை!

இத்தனையும் அவசியந்தானா என்று கேட்டால் பெற்றோருக்குக் கோபம் வருகிறது. “நாலு பேர் பிள்ளைகளுக்கு முன்னால் நம் பிள்ளை குறைந்து போகலாமா?” என்கிறார்கள். உண்மையில் பெட்டியைக் கனக்கச் செய்வது இந்தக் கேள்விதான். விடுதிக் கட்டணத்துக்கு நகையை அடகு வைத்த குடும்பம், புதுப் பெட்டிக்கும் புதுச் செருப்புக்குமாக இன்னொரு கடன் வாங்குகிறது. படிப்புக்கு வாங்கிய கடனைப் படித்த பிள்ளை அடைப்பான். பகட்டுக்கு வாங்கிய கடனை யார் அடைப்பது?

இதற்கு எளிய அளவுகோல் ஒன்று உண்டு. பஸ்ஸை விட்டு இறங்கி, விடுதியின் இரண்டாவது மாடி வரை எதைப் பிள்ளை தானே தூக்கிச் செல்ல முடியுமோ, அது போதும். மற்றதெல்லாம் அதிகப்படி.

ஐந்தாறு உடுப்பு, இரண்டு போர்வை, இரண்டு துண்டு, நல்ல பூட்டு ஒன்று, தட்டு, தம்ளர், கொடி கட்டக் கயிறு, ஊசி நூல், குடை, வழக்கமாகச் சாப்பிடும் மருந்து. இவற்றோடு ஒரு பாட்டில் பருப்புப் பொடியும் ஊறுகாயும் இருந்தால் விடுதிச் சாப்பாட்டை எப்படியும் சமாளித்துவிடலாம். வாளியையும் மக்கையும் அந்த ஊரிலேயே வாங்கிக்கொள்ளலாம். கட்டில், மெத்தை, மேஜை விடுதியில் உண்டா என்று முன்கூட்டியே ஒரு போன் போட்டுக் கேட்டுவிட்டால் பாதிச் சுமை குறையும். தண்ணீர் காய்ச்சும் மின் கம்பியைப் பல விடுதிகளில் அனுமதிப்பதில்லை. அதையும் கேட்டுக்கொள்வது நல்லது.

பெட்டியில் முதலில் வைக்க வேண்டியது துணி அல்ல, காகிதம்! மாற்றுச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல்கள், சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், ஆதார் அட்டை. குடும்பத்திலேயே முதன்முதலாகப் பட்டப் படிப்புக்குப் போகிறவரானால் முதல் பட்டதாரிச் சான்றிதழ். ஒவ்வொன்றிலும் ஐந்து நகல் தனி உறையில் இருக்கட்டும். மதிப்பெண் பட்டியல் முதலியவற்றைச் சரிபார்த்ததும் அசலை மாணவரிடமே திருப்பித் தந்துவிட வேண்டும் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018-இல் அறிவித்தது. எனவே கேட்டு வாங்கி வீட்டுக்கு எடுத்து வந்துவிடலாம். பிள்ளையின் பெயரிலேயே வங்கிக் கணக்கும் வேண்டும். உதவித் தொகை வருமானால் அதில்தான் வரும். வீட்டுப் போன் எண்ணைக் காகிதத்தில் எழுதி வைப்பதும் அவசியம். கைப்பேசி தொலைந்த அன்றுதான் அதன் அருமை தெரியும்.

இனி, காசு கொடுத்து வாங்க முடியாத சாமான்கள். சட்டை துவைக்கத் தெரிய வேண்டும். பொத்தான் தைக்கத் தெரிய வேண்டும். மாதப் பணத்தை முப்பது நாளுக்குப் பங்கிடத் தெரிய வேண்டும். காய்ச்சல் வந்தால் தானே டாக்டரிடம் போய் உடம்புக்கு என்ன என்று சொல்லத் தெரிய வேண்டும். மகளுக்கு இவற்றைப் பத்து வயதிலேயே கற்றுக் கொடுத்துவிடுகிறோம். மகனுக்கோ, விடுதிக்குப் போகிற நாள் வரை சாப்பிட்ட தட்டைக் கூட எடுக்க விடுவதில்லை! பிறகு முதல் மாதமே, “எனக்கு இங்கே பிடிக்கவில்லை” என்று அவன் போனில் அழுதால் யாரை நொந்து என்ன பயன்? பிடிக்காமற்போனது பல சமயம் கல்லூரி அல்ல, பழக்கமில்லாத தனிமைதான்.

வீட்டிலேயே விட்டுவிட்டுப் போக வேண்டியதும் ஒன்று உண்டு. அதுதான் வாய் திறவாத கூச்சம். 1996-இல் சிதம்பரத்தில் முதலாண்டு மருத்துவ மாணவர் ஒருவர் கொல்லப்பட்டார். அந்தக் கொடுமைக்குப் பிறகே, 1997-இல், தமிழ்நாட்டில் ராகிங் தடைச் சட்டம் வந்தது. சட்டம் இருக்கிறது, 1800-180-5522 என்ற இலவச உதவி எண்ணும் இருக்கிறது. ஆனால் பாதிக்கப்பட்ட பிள்ளையோ, அவனுக்காக வேறொருவரோ வாய் திறந்தால்தானே அவை துணைக்கு வரும்? “எது நடந்தாலும் எங்களிடம் சொல், நாங்கள் கோபித்துக்கொள்ள மாட்டோம்” என்ற ஒரு வார்த்தையைப் பெற்றோர் சொல்லி அனுப்ப வேண்டும். அதற்கு எடையும் இல்லை, விலையும் இல்லை.

ஆகவே பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். பெட்டியைப் பிள்ளையே கட்டட்டும். நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். எதையாவது மறந்தால் மறக்கட்டும்; மறந்த சீப்பை எந்த ஊரிலும் வாங்கலாம். ரெயில் நிலையத்தில் நாலு பேர் சேர்ந்து பெட்டியை ஏற்றிவிடலாம். போய் இறங்கும் ஊரில் அதைத் தூக்கப் போவது அந்த இரண்டு கைகள்தான். அந்தக் கைகளை இன்றே பழக்குங்கள்!