வீட்டு நாய்க்கும் வேண்டும் ஓர் ஓவியம்

ஓவியமாக எழுதப்படும் தகுதி யாருக்கு உண்டு? ஆண்டவனுக்கு உண்டு, அரசருக்கு உண்டு, தலைவர்களுக்கும் மறைந்த தாத்தாக்களுக்கும் உண்டு. வாசலில் படுத்து வாலாட்டும் நாய்க்கும், அடுப்படியில் சுருண்டு கிடக்கும் பூனைக்கும் உண்டா? "மனிதர் படம் மாட்டவே சுவரில் இடமில்லை, நாய்க்குப் படமா?" என்று நகைப்போர் நம்மிடையே பலர். அவர்களுக்கு விடை சொல்லவே இக்கட்டுரை. வளர்க்கும் உயிரைப் பார்த்து வரையக் கற்பது வெறும் பொழுதுபோக்கு அன்று. பார்க்கக் கற்பதற்கு அதைவிட நல்ல பள்ளி வேறில்லை என்பது என் கருத்து.

இது மேலைநாட்டு மோகம் என்று எவரும் எண்ண வேண்டா. செங்கம் வட்டாரத்தில் எடுத்தனூர் என்னும் சிற்றூரில் ஒரு நடுகல் உண்டு. முதலாம் மகேந்திரவர்ம பல்லவன் காலத்தது. சண்டையில் மாண்ட கருந்தேவக்கத்தி என்னும் வீரனின் உருவத்தோடு ஒரு நாயின் உருவமும் அதில் செதுக்கப்பட்டுள்ளது. அந்த நாயின் பெயர் கோவிவன் என்றும், அது கள்ளரைக் கடித்துக் காவல் நின்றது என்றும் கல்வெட்டே கூறுகிறது. 'சித்திரகாரப்புலி' என்று பட்டம் பூண்ட மன்னனின் ஆட்சியில், ஒரு நாய்க்குப் பெயரும் உருவமும் கல்லில் கிடைத்தன! அரசலாபுரத்தில் சண்டைச் சேவலுக்கே நடுகல் நட்டிருக்கிறார்கள். இன்று விழுப்புரம் மாவட்டத்தில் உள்ள அவ்வூர், 1993 வரை கடலூரைத் தலைமையிடமாகக் கொண்டிருந்த தென்னார்க்காடு மாவட்டத்தைச் சேர்ந்ததே. ஆகவே, வளர்த்த உயிரை உருவத்தில் நிறுத்துவது நம் மண்ணின் பழைய வழக்கம்.

அவ்வழக்கம் என்ன ஆயிற்று? நம் கல்லூரி நுண்கலை விழாவில் ஓவியப் போட்டி நடக்கும் அறைக்குள் சென்று பாருங்கள். இரண்டு மலைகள், நடுவே உதிக்கும் சூரியன், ஒரு குடிசை, ஒரு தென்னை! கேப்பர் மலையின் மேட்டை விட்டால் கடலூரில் மலை ஏது? சிதம்பரத்தில் அதுவும் இல்லை. தேவனாம்பட்டினம் கடற்கரையில் சூரியன் கடலிலிருந்து எழுவதைக் கண்ணாரக் கண்டவர்களும், தாளைக் கண்டதும் அதை மலைகளுக்கு நடுவே கொண்டுபோய் வைத்துவிடுகிறார்கள். விலங்கியல் நண்பர்கள் கோபிக்க வேண்டாம்: சென்ற ஆண்டு அண்ணனின் ரெக்கார்டு நோட்டைப் பார்த்துப் பிறந்த தவளைகள் எத்தனை! நாம் கண்டதை வரைவதில்லை. சொல்லிக் கொடுத்ததை வரைகிறோம். இந்நோய் ஓவியத்தோடு நின்றுவிடுவதும் இல்லை.

சிதம்பரத்தில் எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற டிராயிங் மாஸ்டர் ஒருவர் இருக்கிறார். சென்ற கோடை விடுமுறையில், எங்கள் வீட்டு மணியை வரையக் கற்றுத் தருமாறு அவரிடம் கேட்டேன். மணி, குலப்பெருமை ஏதுமற்ற கறுப்பு நாட்டு நாய். அவர் சொன்ன முதற்பாடம் தூரிகையைப் பற்றியதன்று. "தம்பி, நாற்காலியைத் தூக்கி அப்பால் வை. தரையில் உட்கார். அது உன்னைப் பார்க்கிற உயரத்திலிருந்து நீ அதைப் பார்" என்றார். நின்றபடி குனிந்து பார்த்தால் நாய்க்குத் தலை பெருத்தும் கால் சிறுத்தும் தோன்றும். தரையில் அமர்ந்தால்தான் அதன் முகம் முகமாகத் தெரியும்.

இரண்டாவது பாடம் பொறுமை. நாய் நமக்காக அசையாமல் அமர்ந்திராது. எனவே முதல் வாரம் முழுவதும் பென்சில் கோடுகளே: அது படுத்திருக்கையில் ஒன்று, சொறிகையில் ஒன்று, எலும்பு கடிக்கையில் ஒன்று. ஒவ்வொன்றுக்கும் அரை நிமிடம். மாமல்லபுரத்துப் பாறைச் சிற்பத்தில் பின்னங்காலால் மூக்கைச் சொறியும் மான் ஒன்று உண்டே, அதைச் செதுக்கியவரும் இப்படித்தான் மான்களின் அருகே காத்துக் கிடந்திருப்பார் என்று அப்போது தோன்றியது.

மூன்றாவது பாடம் நிறம். கறுப்பு நாய்க்குக் கறுப்பு வண்ணத்தைத் தொடாதே என்றார் மாஸ்டர். நீலத்தையும் பழுப்பையும் குழைத்தால் வரும் கருமைக்குத்தான் உயிர் உண்டு. வானொளி படும் முதுகில் நீலச் சாயல். வயிற்றடியில் தரையின் செம்மை. மூக்கின் ஈர மினுக்கத்துக்கு வண்ணமே வேண்டாம். தாளின் வெண்மையை அப்படியே விட்டுவிட வேண்டும். சிற்பி சிலைக்குக் கண் திறப்பது போலக் கண்களைக் கடைசியில்தான் எழுத வேண்டும்.

அந்தக் கண்களை எழுத உற்று நோக்கியபோதுதான், மணியின் இடக்கண்ணில் மெல்லிய வெண்படலம் படர்ந்திருப்பது தெரிந்தது. வீட்டில் ஆறு பேர். சோறு வைப்பவரும் தடவிக் கொடுப்பவரும் உண்டு. ஒருவரும் அதுவரை அதைக் கண்டதில்லை. கால்நடை மருத்துவர், வயதினால் வந்த புரை என்றார். மணிக்கு அப்போது பன்னிரண்டு வயது. அன்றிலிருந்து அதன் தட்டு வலப்பக்கத்துக்கு மாறியது. அது நடக்கும் வழியில் நாற்காலி, குடம் எதையும் யாரும் வைப்பதில்லை. "படத்திலாவது நல்ல கண்ணாக எழுதிவிடேன்" என்றார் அப்பா. "இருப்பதை எழுது" என்றார் மாஸ்டர். வெண்படலத்தோடுதான் எழுதினேன். அந்தப் படம் இன்று எங்கள் கூடத்தில் இருக்கிறது. அது ஏதோ ஒரு நாயின் படமன்று, மணியின் படம்.

ஒன்றை மட்டும் நினைத்துப் பாருங்கள். 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை நம் கடலூர்க் கரையைத் தாக்கியது. அதையடுத்த நாட்களில், புதுச்சேரியை அடுத்த சின்னகாலாப்பட்டில் ஒரு நாட்டு நாய் சிறுவன் ஒருவனை அலையிலிருந்து மேட்டுக்கு விரட்டிக் காப்பாற்றியதாகச் செய்தித்தாள்களில் படித்தோர் உருகினர். 2005 சனவரியில் இந்திய அஞ்சல் துறை நாய்களுக்குத் தபால்தலைகள் வெளியிட்டது. இராசபாளையம், முதோல், இராம்பூர், இமயமலை நாய் என நான்கு இனங்கள் அவற்றில் இடம்பெற்றன. மகிழ்ச்சியே. ஆனால், இனப் பட்டியலில் இல்லாத நாட்டு நாய்க்கு உருவம் தருபவர் யார்? அதை அறிந்தவர்தாம் தர வேண்டும். அறிந்தவர் நாமே!

"கைப்பேசியில் படம் எடுத்தால் அதில் உள்ள செயலி ஒரு நொடியில் ஓவியமாக்கித் தருகிறதே, இத்தனை பாடு எதற்கு?" என்று நண்பர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. செயலி தருவது படம். கை வரைவது தருவது பழக்கம். ஒரு நொடியில் கிடைத்த படத்தை ஒரு நொடிதான் பார்ப்போம். ஒரு மாதம் அருகிருந்து எழுதியவனுக்கோ, அவ்வுயிரின் காதுமடிப்பும் மூச்சின் வேகமும் நோவும் தெரிந்துவிடுகின்றன.

ஆகவே ஆசிரியப் பெருமக்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த நுண்கலை விழாவில் 'பார்த்து வரைதல்' என்று ஒரு போட்டி வையுங்கள். கல்லூரி மரத்தடியில் ஓர் ஆடோ கன்றோ கட்டப்பட்டிருந்தால் போதும், தலைப்பே வேண்டாம். மாணவ நண்பர்களே, ஓவியம் வராது என்று சொல்லாதீர்கள். ஒரு பென்சிலும் பழைய நோட்டின் பின்பக்கமும் போதும். நாயின் ஆயுள் பத்துப் பதினைந்து ஆண்டுகளே. பூனைக்கும் ஏறக்குறைய அவ்வளவே. இருக்கும்போதே எழுதுங்கள். தரையில் உட்கார மட்டும் தயங்காதீர்கள்.