டயருக்கு மேக்கப் போடும் மகராசன்களுக்கு...

சித்திரை பொறந்தா எங்க பக்கம் ரெண்டு திருவிழா. ஒண்ணு வீரபாண்டி கௌமாரியம்மன் திருவிழா. இன்னொண்ணு தேனியில டயர் கடைத் திருவிழா. பிள்ளைகளுக்கு லீவு விட்டாச்சு, குலதெய்வம் கோயிலுக்குப் போகணும், திருச்செந்தூர் போகணும், வேளாங்கண்ணி போகணும்னு கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர் ஆளுங்க மொத்தமும் வண்டியைக் கொண்டாந்து கடை வாசல்ல நிறுத்திருவாங்க. நல்ல விஷயம்தானே, தூரமாப் போறதுக்கு முன்னாடி டயர் மாத்துறதைப் போய் ஏன்யா குறை சொல்றேன்னு கேக்குறீங்களா?

மாத்துறதைச் சொல்லலைங்க. எதுக்காக மாத்துறோங்கிறதைச் சொல்றேன். நூத்துக்குத் தொண்ணூறு பேர் வண்டி நிக்கிறப்போ எப்படித் தெரியும்னு பாத்து மாத்துறான். ஆளு ஏறி, மூட்டை ஏறி, மே மாச வெயில்ல ஓடுறப்போ தாங்குமான்னு பாத்து மாத்துறவன் ரொம்பக் கம்மி. இந்தக் கும்பலுக்கு நானே தலைவனா இருந்தவன்ங்கிறதால கொஞ்சம் உரிமையோடயே திட்டப்போறேன். கோவிச்சுக்காதீங்க.

எட்டயபுரத்துல நாங்க நின்ன கதை

நம்ம வண்டி ஏழு பேர் உக்கார்ற வண்டி. கம்பெனியில வந்த டயர் 185/65 ஆர்15. நல்லாத்தான் ஓடிக்கிட்டிருந்துச்சு. போன மே மாசம் திருச்செந்தூர் கிளம்புறதுக்கு நாலு நாள் முன்னாடி மச்சான் வந்தார். "என்னா மாப்ளே, வண்டி ராசா மாதிரி இருக்கு, காலு மட்டும் ரேசன் கடைச் செருப்பு மாதிரி இருக்கே"ன்னார். நமக்குச் சுருக்குன்னு ஆயிருச்சு. மறுநாளே 17 இன்ச் அலாய், 205/45 டயர். கடைக்காரரு செல்போன்ல கணக்குப் போட்டுக் காட்டினார். பழைய சக்கரத்தோட மொத்த உயரம் 621 மில்லிமீட்டர், புதுசு 616. "பாத்தீங்களாண்ணே, அஞ்சு மில்லிதான் வித்தியாசம், ஸ்பீடா மீட்டர்கூட ஏமாத்தாது"ன்னார். கணக்கு சரிதான். நானும் தலையாட்டிட்டு வந்துட்டேன்.

ஏழு பேர் வண்டியில எட்டு பேர். மேல கேரியர்ல மூட்டை. வெயிலுக்கு டயர் வெடிச்சிரும்னு எவனோ சொன்னதைக் கேட்டு, காத்தை அஞ்சு பாயிண்ட் கம்மி பண்ணி வச்சேன். ஆண்டிபட்டி கணவாய் தாண்டி, மதுரை ரிங் ரோடு ஏறி, அருப்புக்கோட்டை தாண்டிப் போய்க்கிருக்கோம். எட்டயபுரம் வர்றதுக்குக் கொஞ்சம் முன்னாடி பின்பக்கம் இடது டயர் வெடிச்சுச்சு. வண்டி ஒரு ஆட்டம் ஆடுச்சு பாருங்க... பிரேக்கை மிதிக்காம, ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடிச்சு, ஆக்சிலேட்டரை விட்டதால ஓரமா வந்து நின்னோம். அது என் திறமை இல்ல. பின்னால லாரி எதுவும் ஒட்டி வரலை, அவ்வளவுதான்.

இனிதான் கூத்தே. ஜாக்கி வச்சாச்சு. புது அலாய்ல நட்டு இருக்குற ஓட்டை குறுகல். வண்டியோட வந்த வீல் ஸ்பேனர் தலை அதுக்குள்ள போகவே இல்ல! ஸ்டெப்னியைத் தொட்டா கொழகொழன்னு கிடக்கு. நாலு அலாய்க்குக் காசு கொடுத்த மகராசனுக்கு அஞ்சாவது சக்கரத்தைக் குனிஞ்சு பாக்கத் தோணலை. வண்டி வாங்கின 2016-ல வந்த அதே டயர், ஓரமெல்லாம் வெடிப்பு. வேலிக்கருவை நிழல்ல சக்கரை வியாதி இருக்குற எங்கம்மா, மடியில தங்கச்சி பிள்ளை. ரெண்டரை மணி நேரம். கடைசியில ஒரு லாரிக்கார அண்ணன் நிறுத்தி, ஒல்லியா இருந்த அவரு பாக்ஸ் ஸ்பேனரைக் கொடுத்து, லாரி பிரேக் டேங்க்ல இருந்தே ஓஸ் போட்டு ஸ்டெப்னிக்குக் காத்தும் அடிச்சு விட்டார். காசு வாங்கலை. "தம்பி, சக்கரம் பளபளன்னு இருக்கு. ஆனா வண்டி ஓடுறது காத்துல"ன்னு மட்டும் சொல்லிட்டுப் போனார்.

டயர்ல என்னதான் எழுதியிருக்கு?

வீட்டுக்கு வந்து ரெண்டு டயரையும் பக்கத்துல வச்சுப் படிச்சேன். 185/65 ஆர்15-க்குப் பின்னாடி 88-னு ஒரு நம்பர். 205/45 ஆர்17-க்குப் பின்னாடி 84. இதுதான் பாரக் குறியீடு. 88-னா ஒரு டயர் 560 கிலோ தாங்கும். 84-னா 500 கிலோ. நாலு டயருக்குமாச் சேத்து 240 கிலோவை நான் காசு கொடுத்துக் குறைச்சிருக்கேன்! அதாவது நாலு ஆளு கனம்.

குத்துமதிப்பா ஒரு கணக்குப் போடுவோம். வெறும் வண்டி 1,200 கிலோ. எட்டு பேர் 480. மூட்டை முடிச்சு 150. மொத்தம் 1,830. நாலு டயரும் சேந்து 2,000 தாங்குமே, பிரச்சினை இல்லையேன்னு தோணும். ஆனா கடைசி சீட்டு ஆளும் மூட்டையும் பின்னாடிதான் உக்காருது. 1,830-ல 1,050 கிலோ பின் சக்கரத்துக்குப் போச்சுன்னா ஒரு டயருக்கு 525. தாங்குறது 500. அதுவும் காத்து முழுசா இருந்தாத்தான் அந்த 500. நான் காத்தையும் குறைச்சு வச்சிருந்தேன். அதே அளவுல 88 போட்ட கனமான டயரும் கிடைக்கும். நான் கேக்கலை, கடையில சொல்லலை.

அகலமான டயர் போட்டா கிரிப்பு ஜாஸ்தியாச்சேன்னு மச்சான் இன்னமும் வாதாடுறார். இருக்கலாம் மச்சான். ஆனா டயரோட பக்கச் சுவர் உயரம் 120 மில்லியில இருந்து 92-க்கு வந்துருச்சு. பள்ளத்துல விழுந்தா அடி வாங்கிக்கிறது அந்தச் சுவர்தான். நம்ம ரோட்டு லட்சணத்துக்கு அதைப் போய்க் குறைக்கலாமா? சும்மாவே போடி மெட்டுல 17 கொண்டை ஊசி வளைவு, அங்கங்க ஓரம் பேந்து கிடக்கு.

கடைவாசல் வேதாந்தங்கள்

"வெயில் காலம், காத்தைக் கம்மியா வை." இதுதான் ஊரையே கெடுக்குற பேச்சு. காத்து கம்மியா இருந்தா ஒவ்வொரு சுத்துக்கும் டயர் சுவர் மடங்கி மடங்கி நிமிருது. ஒரு கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 500 சுத்து. மடங்க மடங்கச் சூடு. சூடு ஏறி ஏறித்தான் வெடிக்குது. டிரைவர் கதவுத் தூண்ல கம்பெனிக்காரன் எவ்வளவு காத்துன்னு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கான். ஆளு நிறைய ஏறினா எவ்வளவுன்னு தனியாவும் போட்டிருப்பான். அதைத்தான் வைக்கணும், காலையில வண்டி ஓடுறதுக்கு முன்னாடி. ஓடின வண்டியில காத்து ஏறித்தான் காட்டும். அதை இறக்கி விட்டா, அது நீங்களே வச்சுக்கிற சூனியம்.

"நைட்ரஜன் அடிச்சுட்டேன், கவலை இல்ல." அய்யா சாமி, நாம மூச்சு விடுற காத்துலயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். அடிச்சுக்கங்க, தப்பில்ல. ஆனா அடிச்சுட்டேன்னு ரெண்டு மாசம் அளந்தே பாக்காம இருக்கீங்களே, அதுதான் தப்பு.

"பட்டன் அப்படியே இருக்கே, எதுக்கு மாத்தணும்?" பட்டன் தேயுறது ஒரு வயசு, ரப்பர் காயுறது இன்னொரு வயசு. டயர் ஓரத்துல கடைசியா நாலு இலக்கம் இருக்கும். 1416-னா 2016-ஆம் வருசம் 14-ஆவது வாரம் செஞ்சது. அஞ்சு வருசத்துக்கு மேல போனா வருசா வருசம் காட்டிப் பாரு, பத்து வருசம் ஆனா பட்டன் இருந்தாலும் தூக்கிப் போடுன்னு பல டயர் கம்பெனிகளே சொல்றாங்க. பட்டன் கணக்கு தனி. காருக்குக் குறைஞ்சது 1.6 மில்லிமீட்டர் ஆழம் இருக்கணும்னு மோட்டார் வாகன விதியே இருக்கு. பள்ளத்துக்குள்ள சின்ன மேடு ஒண்ணு வச்சிருப்பான், அது வரைக்கும் தேஞ்சா கதை முடிஞ்சது. குமுளி சாரல்ல வழவழன்னு கிடக்குற ரோட்டுல அதுக்கு முன்னாடியே மாத்துறது உத்தமம்.

"காசு இல்ல, ரெண்டு புதுசு மட்டும் வாங்கி முன்னாடி போட்டுக்கிறேன்." பின்னாடி போடுங்க. முன் சக்கரம் வழுக்கினா ஸ்டியரிங் வழியா கைக்குத் தெரியும். பின் சக்கரம் வழுக்கினா வண்டியே திரும்பி நிக்கும்.

பெரிய கம்பெனிக்கே ஆப்பு வச்ச காத்து

இதெல்லாம் பஞ்சர் கடைப் பேச்சுன்னு நினைக்கிறவங்களுக்கு ஒண்ணு. 2000-ஆம் வருசம் ஆகஸ்ட்ல அமெரிக்காவுல ஃபயர்ஸ்டோன் கம்பெனி 65 லட்சம் டயரைத் திரும்ப வாங்குச்சு. நிறைய டயர் ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர் வண்டியில ஓடினது. ஓடுறப்பவே பட்டன் பகுதி உரிஞ்சு வந்து, வண்டி உருண்டு, 200 பேருக்கு மேல செத்துப்போனாங்க. டயர் செஞ்சவன், வண்டி செஞ்சவன் அளவைக் குறை சொன்னான்: நாங்க 30 வைக்கணும்ங்கிறோம், நீ 26 வைக்கச் சொல்றியேன்னு. வண்டி செஞ்சவன் டயரைக் குறை சொன்னான். டெக்சாஸ், அரிசோனா மாதிரி வெயில் ஊர்லதான் சாவு நிறைய. அதுக்கப்புறம்தான் சட்டம் போட்டு, 2007 செப்டம்பர்ல இருந்து எல்லாப் புதுக் கார்லயும் காத்து குறைஞ்சா விளக்கு எரியணும்னு ஆக்கினாங்க. அங்க சாவு விழுந்த பிறகு வந்த புத்தி, நமக்குச் சும்மாவே கிடைக்குது. வாங்கிக்க மாட்டேங்கிறோம்.

ஜீப்புல போற அக்காமாரு

இன்னொரு பக்கமும் இருக்கு. விடியக்காலம் கம்பம், தேவாரம், போடியில போய் நில்லுங்க. தூக்குவாளியோட பொம்பளையாளுக ஏலத்தோட்டத்து வேலைக்கு ஜீப்புல ஏறுறதைப் பாப்பீங்க. எத்தனை பேர்னு எண்ண முடியாது, அவ்வளவு நெருக்கம். அந்த ஜீப்பு தினமும் மலை ஏறி, சாயங்காலம் இறங்குது. அதுலயும் பல வண்டி ரீபட்டன் டயர்.

ரீபட்டனையே நான் குத்தம் சொல்லலை. எம்.ஆர்.எஃப். கம்பெனியே 1946-ல திருவொற்றியூர்ல பலூன் செஞ்சு ஆரம்பிச்சு, 1952-ல இறங்கினது டயருக்கு ஒட்டுற ரப்பர் தொழில்லதான். விமானத்து டயருக்கே ரீபட்டன் போடுறான். ஆனா அங்க உள்கூடு சரியா இருக்கான்னு சோதிச்சுப் போடுறான், இவ்வளவுதான் பாரம்னு கணக்கு வச்சு ஓட்டுறான். இங்க பத்து பேர் வண்டியில இருபது பேர். டிரைவரைக் கேட்டா "ஆளு கொறைச்சா டீசலுக்கே கட்டாதுண்ணே"ங்கிறார். கூலியை நிர்ணயிக்கிற தோட்டக்காரங்களும் சோதனைச் சாவடியில கையைக் காட்டி அனுப்புறவங்களும் பதில் சொல்லவேண்டிய கேள்வி இது. அந்த அக்காமாருக்கு வேற வழி இல்ல. எனக்கு வழி இருந்துச்சு, காசும் இருந்துச்சு. அதை வச்சு எங்கம்மா உக்காந்த வண்டியோட தாங்கு சக்தியை நானே குறைச்சேன். எரிச்சல் வருதா இல்லையா?

சரி, என்னதான் பண்ணணும்?

அலாய் போடாதேன்னு சொல்ல நான் யாரு? போடுங்க. ஆனா பழைய டயர்ல இருக்குற பாரக் குறியீட்டுக்குக் கீழ போகாதீங்க. 88-னா 88, இல்ல அதுக்கு மேல. கடையிலயே தேதி நம்பரைப் பாத்து வாங்குங்க. புது நட்டுக்குப் பொருந்துற ஸ்பேனரை வண்டியிலயே போட்டு வைங்க, பழைய ஸ்டெப்னிக்கு எந்த நட்டு சேரும்னு கேட்டு அதையும் வைங்க. மாட்டின பிறகு நூறு கிலோமீட்டருக்குள்ள நட்டை ஒருதரம் இறுக்கிப் பாருங்க. கேரியர் மூட்டையைக் குறைங்க. இறக்கத்துல பிரேக்லயே காலை வச்சுக்கிட்டு வராம கியரைக் குறைச்சு இறங்குங்க.

அப்புறம் ஸ்டெப்னி. டியூப்லெஸ் டயர், காத்து காட்டுற கருவி, பஞ்சர் கிட் மூணும் இருந்தா சின்ன வண்டிகளுக்கு ஸ்டெப்னி இல்லாமலே விக்கலாம்னு 2020-ல மத்திய அரசு விதியை மாத்துச்சு. ஆணி குத்தினதுக்கு அந்தக் கிட் போதும். பக்கச் சுவர் கிழிஞ்சா அதை வச்சு என்ன பண்ண? அதனால ஸ்டெப்னியோட வந்த வண்டி வச்சிருக்குறவங்க, டிக்கியில இடம் பத்தலைன்னு அதைக் கழட்டி வீட்ல போட்டுட்டுப் போகாதீங்க.

நான் அந்த 17 இன்ச் செட்டை வித்துட்டேன். பாதி விலைக்குத்தான் போச்சு. கூடக் கொஞ்சம் போட்டு 15 இன்ச்சுக்கு அஞ்சு புது டயர் வாங்கினேன். நாலு இல்ல, அஞ்சு. மச்சான் இன்னமும் செருப்பு உவமை சொல்லிச் சிரிக்கிறார். சிரிக்கட்டும். அடுத்த மாசம் அம்மாவைப் பழனிக்குக் கூட்டிட்டுப் போறேன்.

பின்னூட்டம் போட வர்ற மக்களே, ஒரு வேலை. இதைப் படிச்சு முடிச்சதும் டார்ச்சை எடுத்துட்டுப் போய் உங்க ஸ்டெப்னியோட நாலு நம்பரைப் பாத்துட்டு வந்து இங்க எழுதுங்க. சூப்பர், அருமைன்னு எல்லாம் அப்புறம் சொல்லிக்கலாம்.

டிஸ்கி: மச்சானும் இந்தப் பதிவைப் படிப்பார். மச்சான், உங்க வண்டி ஸ்டெப்னி நம்பர் எனக்குத் தெரியும். பொங்கலுக்கு வந்தப்பவே பாத்துட்டேன். நானே இங்க போடுறதுக்குள்ள மாத்திருங்க.