கடலில் எங்கே இறங்குவது?

விடுமுறை வந்தால் செங்கற்பட்டிலிருந்து குடும்பம் குடும்பமாக ஜனங்கள் மாமல்லபுரத்துக்குப் புறப்பட்டு விடுகிறார்கள். சிற்பங்களைக் கண்டு களித்த கையோடு கடற்கரைக் கோயிலுக்குப் பக்கத்திலேயே குழந்தைகள் நீரில் பாய்வதைப் பார்த்தால் நமக்கு நெஞ்சு பதறுகிறது. கோயிலை அலையினின்று காக்கக் கருங்கற்களைக் கொட்டி வைத்த கரை அது; பார்ப்பதற்கு உகந்தது, நீந்துவதற்கு அன்று.

நீந்தியே தீர வேண்டுமென்பவர்கள் வடக்கே கோவளத்துக்குப் போகலாம். 2021-ம் ஆண்டில் நீலக்கொடிச் சான்று பெற்ற கரை. நீரைச் சோதிப்பதும் உயிர்காப்பாளரை நிறுத்துவதும் அச்சான்றின் நிபந்தனைகள்.

ஆனால் கொடியை மாத்திரம் பார்த்தால் போதாது. அலையையும் பார்க்க வேண்டும். இரு புறமும் அலை உடைய, நடுவே சாதுவாகத் தோன்றும் இடமே பெரும்பாலும் பொல்லாதது. கரையில் மோதிய நீர் அவ்வழியாகத்தான் கடலுக்குத் திரும்புகிறது. அதில் அகப்பட்டவர் கரையை நோக்கி எதிர்த்து நீந்திக் களைத்து மூழ்குகிறார். கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தினால் அவ்விழுப்பினின்று விலகலாம்.

ஜப்பானில் கோடையில் கடலை முறைப்படி 'திறந்து', நீந்தும் எல்லையை மிதவைகளால் வகுத்துக் காவலும் வைக்கிறார்கள். நமது கடலுக்குத் திறப்புமில்லை, பூட்டுமில்லை! ஐப்பசி, கார்த்திகையில் அதன் பக்கமே போக வேண்டாம். மற்ற மாதங்களில், வலை உலர்த்தும் மீனவரிடம் ஒரு வார்த்தை கேட்ட பிறகு இறங்குங்கள். அவர் தலையசைத்து மறுத்தால், நம்முடைய பி.ஏ. பட்டம் அங்கே செல்லாது.