மரத்துக்கு எதற்கு உயரப் போட்டி?

மரத்தாலான அடுக்குமாடி வீடு என்றதும், "தீப்பிடித்தால் என்ன கதி?" என்றுதான் கேட்பீர்கள். விறகடுப்பை நினைத்துப் பாருங்கள். சுள்ளி உடனே பற்றிக்கொள்கிறது. பெரிய கட்டையோ எளிதில் பற்றுவதில்லை. பற்றினாலும் முதலில் மேற்பரப்புதான் கரியாகிறது. கரி வெப்பத்தை எளிதில் உள்ளே விடாது. தடித்த மென்மர உத்தரம் நிமிடத்துக்குச் சுமார் 0.65 மில்லிமீட்டர், அதாவது மணிக்கு ஏறத்தாழ 4 சென்டிமீட்டர் ஆழம் கரியாகும். அந்த அளவு கூடுதல் தடிமன் வைத்துக் கட்டலாம். (தெளிப்பான்கள் வேண்டாம் என்று நான் சொல்வதாக எண்ணிவிடாதீர்கள்!)

சரி, மரத்தால் ஏன் கட்டவேண்டும்? ஒரு கன மீட்டர் உலர்ந்த மரம் 400 கிலோ என்று கொள்வோம். அதில் பாதி கார்பன். 200 கிலோவை 44/12 ஆல் பெருக்குங்கள்: 733 கிலோ. அவ்வளவு கார்பன் டை ஆக்சைடைக் காற்றிலிருந்து அந்த மரம் எடுத்திருக்கிறது. சிமென்ட் தயாரிப்போ அதே வாயுவைக் காற்றில் சேர்க்கிறது. எனவே பலகைகளைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கி ஒட்டிய கனத்த பாளங்களால் வீடு கட்டுவதை நான் வரவேற்கிறேன்.

ஆனால் உயரப் போட்டி எனக்குப் பிடிக்கவில்லை. மரம் கான்கிரீட்டைவிட மிக இலேசானது. அதே காற்று விசை, குறைந்த நிறை என்றால் முடுக்கம் கூடும். நியூட்டனின் இரண்டாம் விதிதான். நார்வேயின் புருமுன்டால் நகரில் 2019இல் முடிந்த 18 மாடிக் கட்டடத்தில், ஆட்டத்தைக் குறைப்பதற்காகவே மேல் ஏழு தளங்களைக் கான்கிரீட்டால் அமைத்தார்கள். அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் 2022இல் முடிந்த 25 மாடிக் குடியிருப்பில் அடித்தளங்களும் மின்தூக்கிக் கூண்டும் கான்கிரீட்தான். பொறியாளர்கள் செய்தது சரியே. என்றாலும், கான்கிரீட்டைக் குறைக்கப் புறப்பட்டவர்கள் உயரத்துக்காக அதையே நாடுவது வேடிக்கையல்லவா?

லண்டனில் 2009இல் கட்டிய ஒன்பது மாடிக் குடியிருப்பைப் பாருங்கள். தரைத்தளம் மட்டுமே கான்கிரீட். அதற்கு மேல் எட்டு மாடிகளிலும் சுவர், தளம், மின்தூக்கிக் கூண்டு எல்லாம் மரமே. மொத்தம் 29 வீடுகள். என் ஓட்டு இதற்குத்தான். ஆயினும், மரத்திலுள்ள கார்பன் அது எரியாமலும் மக்காமலும் இருக்கும்வரைதான் அங்கே தங்கும். என்றேனும் இக்கட்டடத்தைப் பிரிக்கும்போது அந்தப் பாளங்கள் இன்னொரு வீட்டுக்குப் போகுமா, அடுப்புக்குப் போகுமா என்பதுதான் பொறியாளர்களிடம் நான் கேட்கும் கேள்வி.