சிவப்பு மையால் அடித்த ஒரு வரி



நான்காம் ஆண்டு மாணவர்களுக்குத் 'தென்னையின் பயன்கள்' என்னும் தலைப்பில் கட்டுரை எழுதக் கொடுத்திருந்தேன். இளநீர், எண்ணெய், கீற்று, துடைப்பம் என்று எல்லாரும் வழக்கம்போல் எழுதினர். ஒரு மாணவன் மட்டும் கூடுதலாக ஒரு வரி எழுதியிருந்தான்: 'தென்னையிலிருந்து கள் கிடைக்கிறது. என் தாத்தா சபாக் பெர்ணத்தில் கள் இறக்கினார்.' நான் அந்த வரியைச் சிவப்பு மையால் அடித்துவிட்டேன். ஓய்வு நேரத்தில் அவன் என் மேசையருகே வந்து நின்றான். "டீச்சர், அது பொய் இல்ல டீச்சர். தாத்தா வேலை" என்றான். எனக்குப் பதில் வரவில்லை.

ஏன் அடித்தேன்? இந்தக் கேள்வி பல நாளாக என்னை விடவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நான் தோட்டத்தில் பிறந்தவள். சம்பள நாள் மாலையில் என் அம்மா என்னைக் கள்ளுக்கடை வாசலுக்கு அனுப்புவார். "அப்பாவைக் கூட்டிக்கிட்டு வா" என்பார். அப்பாவின் சட்டைப்பையில் மிச்சம் இருப்பதாவது வீடு வந்து சேரட்டும் என்பதே அதன் பொருள். அந்த வாசலின் புளித்த வாடை இன்றும் என் நினைவில் இருக்கிறது. ஆகவே, கள் என்ற சொல்லைக் குழந்தையின் ஏட்டில் கண்டதும் என் கை தானாகவே அடித்தது. சினம் என்னுடையது, தண்டனை அந்தச் சிறுவனுக்கு!

நிற்க.

இங்கிலாந்தில் வாழும் என் உறவினர் ஒருவர் அண்மையில் பிரிக்பீல்ட்ஸ் வந்திருந்தார். வாழையிலை உணவுக்குப் பின் பேசிக்கொண்டிருந்தபோது, தம் ஊர்ப்புறத்துச் சிறிய பப் ஒன்றைப் பற்றிப் பெருமையாகச் சொன்னார். அங்கே 'ரியல் ஏல்' என்னும் பியர் வகை கிடைக்குமாம். பெரிய ஆலையில் வடிகட்டிச் சூடுபடுத்திய பியர் அன்று அது. ஈஸ்ட் உயிரோடு இருக்க, பீப்பாயிலேயே முதிர்ந்து, சில நாட்களுக்குள் குடித்துத் தீர்க்க வேண்டிய பானம். பெரு நிறுவனங்களின் பியரால் அது மறைந்துவிடும் என்று அஞ்சி, 1971இல் சிலர் 'கேம்ரா' என்னும் இயக்கத்தைத் தொடங்கினர். இன்று பக்கத்து ஊரில் காய்ச்சிய ஏலைத் தருவது அங்குள்ள சிறு பப்புகளுக்கு ஒரு மதிப்பு. "அது எங்கள் மண்ணின் மரபு" என்கிறார்கள்.

கேட்டுக்கொண்டிருந்த எனக்குச் சுருக்கென்றது. நம் கள்ளும் அப்படிப்பட்ட உயிருள்ள பானந்தானே? தென்னம்பாளையை விரியவிடாமல் நாரால் இறுகக் கட்டி, நாள்தோறும் மெல்லத் தட்டிப் பதப்படுத்தி, நுனியை மெலிதாகச் சீவி, முட்டியைக் கட்டுகிறார்கள். காலையும் மாலையும் மரமேற வேண்டும். முட்டியின் உட்புறம் சுண்ணாம்பு தடவினால் புளிக்காத இனிய பதநீர். தடவாவிட்டால் காற்றிலுள்ள ஈஸ்ட்டே சில மணி நேரத்தில் அதைக் கள்ளாக்கிவிடும். ஓரிரு நாளில் காடியாகிவிடும். நெடுந்தொலைவு கொண்டு செல்லவும் முடியாது. நெடுநாள் வைத்திருக்கவும் முடியாது. ஒரு தட்டு தவறினால் பாளை கெடும். ஒரு அடி தவறினால் உயிர் போகும். அந்தச் சிறுவனின் தாத்தா இதைத்தான் செய்தார். இது தொழில் இல்லையா?

அப்படியானால் ஆங்கிலேயனுக்கு மரபாக இருப்பது நமக்கு மட்டும் ஏன் மானக்கேடானது?

கடை யாருடையது என்பதில்தான் விடை இருக்கிறது. அந்தச் சிற்றூர் பப்பில் குடிப்பவர் தம் விருப்பப்படி வருகிறார், போகிறார். நம் தோட்டங்களிலோ கள்ளுக்கடைக்கு உரிமம் தந்தது ஆங்கில அரசு. கடை இருந்தது தோட்ட நிர்வாகத்தின் எல்லைக்குள். காலையில் பால்மரம் சீவி வாங்கிய கூலி, மாலையில் அதே தோட்டத்துக் கடைக்குத் திரும்பிச் சென்றது. ஆதாயத்தைத் தொழிலாளர் நலனுக்குச் செலவிடுகிறோம் என்று அதற்கு நியாயமும் சொன்னார்கள். நம்மைக் குடிக்க வைத்து, நம் காசிலேயே நமக்கு நலம்!

இதை அன்றே நம் முன்னோர் உணர்ந்திருந்தனர். 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். சீனத் தொழிலாளர்க்கு இணையான கூலி, பிள்ளைகளுக்கு முறையான கல்வி, துரைக்கு முன்னால் சைக்கிளில் இறங்காமல் செல்லும் உரிமை ஆகியவற்றோடு, 'கள்ளுக்கடைகளை மூடு' என்பதும் அவர்களின் கோரிக்கைகளுள் ஒன்று. அவர்களை வழிநடத்திய ஆர். எச். நாதன் கைது செய்யப்பட்டு நாடு கடத்தப்பட்டார். படை வந்தது, துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் மாண்டனர். கள்ளுக்கடை வேண்டாம் என்று குரல் கொடுத்தவர்கள் யாரோ சீர்திருத்தவாதிகள் அல்லர். அந்தக் கடையில் கூலியை இழந்தவர்களே. அந்தக் கோரிக்கை கல்வி கேட்ட அதே பட்டியலில் இருந்தது என்பதைத் தமிழ்ப்பள்ளி ஆசிரியர் எவரும் மறக்கலாகாது.

தோட்டங்கள் துண்டாடப்பட்டன. மக்கள் நகரத்துக்கு வந்தனர். கள்ளுக்கடை பெரும்பாலும் மறைந்தது. ஆனால், குடி மறைந்ததா? கள் போன இடத்தில் மலிவான சம்சு வந்து அமர்ந்தது. 2018 செப்டம்பரில் சிலாங்கூரிலும் கோலாலம்பூரிலும் மெத்தனால் கலந்த மதுவைக் குடித்து நாற்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவர்களில் பலர் வெளிநாட்டுத் தொழிலாளர்கள். மெத்தனால் உடலுக்குள் ஃபார்மிக் அமிலமாக மாறுகிறது. முதலில் பார்வையைப் பறிக்கிறது, பிறகு உயிரை. தமிழ்நாட்டிலும் இதே கதைதான். அங்கே 1987 முதல் கள்ளுக்குத் தடை. மதுக்கடையையோ அரசே நடத்துகிறது. 2024இல் கள்ளக்குறிச்சியில் நச்சுச் சாராயம் அறுபதுக்கும் மேற்பட்டோரைக் கொன்றது. கேரளத்தில் கள்ளுக்கடை சட்டப்படி இயங்குகிறது. கள் இறக்குவோருக்கு நலநிதி வாரியமே உண்டு.

அதற்காகக் கள் குடியுங்கள் என்று நான் சொல்ல வரவில்லை. நான் குடிப்பவளும் அல்லள். சங்கப் பாடல்களில் கள் விருந்தோம்பலாக வருகிறது. திருக்குறளின் 93ஆம் அதிகாரமோ 'கள்ளுண்ணாமை'. இரண்டும் நம்முடையவைதாம். என் கருத்து இவ்வளவே:

முதலாவது, கள் விற்பதானால் உரிமத்தோடும், கலப்படச் சோதனையோடும், கடன் கணக்கின்றியும் விற்கட்டும். மது வாங்கும் வயதை 18இலிருந்து 21ஆக 2017 டிசம்பரில் உயர்த்திய சட்டம் ஏட்டளவில் நின்றுவிடக் கூடாது.

இரண்டாவது, 'பாரம்பரியம்' என்ற பெயரில் கள்ளுக்கடையை அழகுபடுத்திக் காட்ட வேண்டாம். அதன் வாசலில் காத்து நின்ற பிள்ளைகள் இன்னும் உயிரோடுதான் இருக்கிறோம்.

மூன்றாவது, மரமேறியவரின் உழைப்பை அந்தக் கடையின் பாவத்தோடு சேர்த்துப் புதைக்க வேண்டாம். பாளை சீவியவர் வேறு. சம்பள நாளில் கல்லாவைத் திறந்து வைத்தவர் வேறு.

மறுநாள் அந்த மாணவனை அழைத்தேன். அடித்த வரியின் மேல் அதே சிவப்பு மையால் 'சரி' என்று குறியிட்டேன். "தாத்தா எப்படி மரம் ஏறினார் என்று அவரிடம் கேட்டு இன்னும் ஐந்து வரி எழுதி வா" என்றேன்.

அவன் இரண்டு பக்கம் எழுதி வந்தான். தாத்தா தாம் இறக்கிய கள்ளை ஒருநாளும் குடித்ததில்லையாம். கடைசி வரி அதுதான். அதில் ஓர் ஒற்றுப்பிழை இருந்தது. திருத்தினேன், வரியை அடிக்கவில்லை.

உங்கள் வீட்டிலும் இப்படி அடித்துவிட்ட வரிகள் இருக்கும். பிள்ளைகள் கேட்கும்போது எடுத்துச் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் ஆசிரியை